பொள்ளாச்சில இருந்து பாலக்காடு பக்கம் வீடு மாத்துறீங்களா? லாரி புக் பண்றதுக்கு முன்னாடி இத படிங்க

பொள்ளாச்சில பஸ் ஏறுனா கோபாலபுரம் வழியா பாலக்காடு ஜில்லா கொழிஞ்சாம்பாறை எவ்ளோ தூரம்னு நெனைக்கிறீங்க, ஒரு தூக்கம் போடக்கூட நேரம் பத்தாது. அங்கயும் டீக்கடைல தமிழ், மளிகைக்கடைல தமிழ், கோயில்ல தமிழ். அதனால எல்லாரும் "பக்கத்து ஊருக்கு தானே போறோம், சாமான ஏத்தி இறக்குனா முடிஞ்சுது"ன்னு தான் நெனைக்கிறாங்க. சாமான் ஏத்தி இறக்குறது ஒரு நாள் வேலைங்க, அது பிரச்சனையே இல்ல. ஆனா நடுவுல ஒரு செக்போஸ்ட் இருக்கே, அத தாண்டிட்டா ரேஷன் கார்டு, வண்டி நம்பர், பசங்க ஸ்கூல், கரண்ட் பில்லு எல்லாத்துக்கும் வேற சர்க்கார். எங்க வீட்டுக்காரருக்கு பாலக்காடு பக்கத்துல கஞ்சிக்கோட்டுல வேலை கெடச்சு நாங்க மாறி வந்தப்ப, இங்க ஒரு ஆபீஸுக்கு போனா "இது உங்க பழைய ஊர்ல இருந்து வாங்கிட்டு வரணும்"ம்பாங்க, அங்க போனா "நீங்க தான் காலி பண்ணிட்டு போய்ட்டீங்களே, இப்ப அட்ரஸ் ப்ரூஃப் எங்க"ம்பாங்க, இப்படியே பல நாள் அலைச்சல்.

அதனால ஒரு வரிசை மட்டும் மனசுல வச்சுக்கோங்க. பழைய ஊர்ல மட்டும் கெடைக்கிற பேப்பர் எது எதுன்னு பாத்து அத மொதல்ல வாங்குங்க. லாரி, பேக்கிங் எல்லாம் அதுக்கு அப்பறம். ரேஷன் கார்ட மட்டும் அவசரப்பட்டு ஒப்படைக்காதீங்க, அது ஏன்னு கீழ வரும். கோயம்புத்தூர்ல இருந்து வாளையாறு வழியா வர்றவங்களுக்கும் இது அப்படியே பொருந்தும். தென்காசி, குமரி பக்கத்துல இருந்து கேரளா போறவங்களுக்கும் பேப்பர் வேலை இதே தான், ரோடு தான் வேற.

1. எந்த மாசம் மாறுறதுன்னு மொதல்ல முடிவு பண்ணுங்க

ஸ்கூல் போற பசங்க இருந்தா ஏப்ரல் கடைசில இருந்து மே மூணாவது வாரம் வரைக்கும் தான் நல்ல நேரம். ரெண்டு மாநிலத்துலயும் ஸ்கூல் ஜூன்ல தொறக்குது, அதுக்குள்ள டிசி வாங்கி இங்க சேத்துடலாம். இன்னொரு காரணம் மழை. ஜூன் மொத வாரத்துல தென்மேற்கு பருவமழை ஆரம்பிச்சுட்டா பாலக்காட்டுல எப்ப கொட்டும்னு யாருக்கும் தெரியாது, மெத்தை நனைஞ்சா அந்த மழைக்காலம் முழுக்க காயாது. தார்ப்பாய் போட்டு கட்டுறேன்னு டிரைவர் சொல்லுவார், நம்பாதீங்க, பக்கவாட்டுல தண்ணி இறங்கும்.

ஆடில வீடு மாறக்கூடாதுன்னு நம்ம வீட்டு பெரியவங்க சொல்லுவாங்க, இங்க அதே மாசத்த கர்க்கடகம்னு சொல்லி அவங்களும் மாற மாட்டாங்க. உங்களுக்கு அந்த நம்பிக்கை இல்லன்னா ஆடில வாடகையும் கொறச்சு பேசலாம், வண்டியும் ஈஸியா கெடைக்கும், ஆனா மழைய கணக்குல வச்சுக்கோங்க. ஓணம், விஷு, பொங்கல் ஒட்டி வண்டி கேட்டீங்கன்னா டபுள் சொல்லுவாங்க. அப்பறம் தேதி குறிச்சதும் அன்னைக்கு கேரளால ஹர்த்தால், அதாவது பந்த் ஏதும் இருக்கான்னு பாத்துக்கோங்க. 7 நாள் முன்னாடி நோட்டீஸ் குடுக்காம ஹர்த்தால் நடத்தக்கூடாதுன்னு 2019 ஜனவரில கேரளா ஹைகோர்ட் சொல்லிடுச்சு தான், இருந்தாலும் லோடு வண்டியோட நடுரோட்டுல நிக்கிறது நமக்கு எதுக்கு.

2. வாடகை ஒப்பந்தம் தான் சாவி

இங்க வந்தப்பறம் எந்த ஆபீஸுக்கு போனாலும் மொத கேள்வி "இங்க தாமசிக்கிறதுக்கு (குடியிருக்கிறதுக்கு) என்ன ப்ரூஃப்?" தான். அதுக்கு முத்திரைத்தாள்ல எழுதுன வாடகை ஒப்பந்தம் வேணும். சில ஓனர்ங்க "நம்ம பழக்கத்துக்கு பேப்பர் எதுக்கு"ன்னு பாசமா சொல்லுவாங்க, பாசம் பாசமா இருக்கட்டும், எழுதி வாங்கிடுங்க. வழக்கமா 11 மாசத்துக்கு தான் எழுதுவாங்க. அதுல இருக்க வேண்டியது:

வீட்டு நம்பர், வார்டு நம்பர், பஞ்சாயத்து பேர் சரியா இருக்கணும். வரி ரசீத கையில வச்சு எழுதச் சொல்லுங்க. நம்பர்ல ஒரு தப்பு இருந்தா ரேஷன் அப்ளிகேஷன் திரும்பி வரும்.

அட்வான்ஸ் எவ்ளோ, காலி பண்ணும்போது பெயின்டிங்குக்கு பிடிப்பாங்களா, எத்தன மாசம் முன்னாடி சொல்லணும்.

குடும்பத்துல பெரியவங்க எல்லார் பேரும். ஒப்பந்தம் உங்க வீட்டுக்காரர் பேர்ல மட்டும் இருந்தா உங்க ஆதார் மாத்த வேற வழி தேடணும்.

வீடு பாக்கும்போது தண்ணிய குடிச்சு பாருங்க. கொழிஞ்சாம்பாறை பக்கம் நிறைய எடத்துல போர் தண்ணி உப்பு, கெணறு இருக்கா, பைப் லைன் தண்ணி எத்தன நாளைக்கு ஒருக்கா வருதுன்னு பக்கத்து வீட்டுல கேளுங்க, ஓனர்கிட்ட கேக்காதீங்க.

பழைய வீட்டு ஓனருக்கும் ஒப்பந்தத்துல எழுதுன மாதிரி ஒன்னு ரெண்டு மாசம் முன்னாடியே சொல்லிடுங்க, வாட்ஸ்அப்ல ஒரு மெசேஜாவது போட்டு வைங்க. வாய்ல சொன்னத அட்வான்ஸ் திருப்பி கேக்கும்போது யாரும் ஞாபகம் வச்சிருக்க மாட்டாங்க. காலி பண்ற அன்னைக்கு ஈபி மீட்டர், ஒவ்வொரு ரூமு, பாத்ரூம் டேப் எல்லாத்தையும் ஒரு வீடியோ எடுத்துட்டு சாவி குடுங்க.

3. பசங்க ஸ்கூல் பேப்பர்

இதுக்கு தான் மத்த எல்லாத்தையும் விட நேரம் ஆகுது, ஒரு மாசம் முன்னாடியே ஆரம்பிங்க. டிசி கேட்டு லெட்டர் குடுக்கும்போதே "வேற மாநிலத்துக்கு போறோம்"னு எழுதுங்க. வேற மாநிலத்து டிசின்னா கல்வி அலுவலர் கவுன்டர் சைன் இருக்கான்னு இங்க கேக்குற வழக்கம் இருக்கு. ஸ்கூல்ல டிசிய குடுத்து அனுப்பிடுவாங்க, கவுன்டர் சைன் பத்தி வாயே திறக்க மாட்டாங்க. நீங்களா கேட்டு, கல்வி அலுவலகத்துல சைன் வாங்கிட்டு கெளம்புங்க. மே மாசம் அந்த ஆபீஸ்ல ஆள் இருக்குற நாள் பாத்து போகணும். டிசில பேர், பொறந்த தேதி ரெண்டும் ஆதார்ல இருக்குற மாதிரியே இருக்கான்னு அங்கயே நின்னு பாருங்க.

தமிழ் மீடியம் வேணும்னா பாலக்காடு ஜில்லாவுல இருக்குற சித்தூர் தாலுகா பக்கம் தமிழ் மீடியம் நடத்துற ஸ்கூலுங்க இருக்கு, கேரளா எஸ்எஸ்எல்சி பரீட்சையே தமிழ்ல எழுதலாம். ஆனா எந்த ஸ்கூல்ல எத்தனாவது வரைக்கும் தமிழ் டிவிஷன் இருக்குன்னு நேர்ல போய் கேட்டுட்டு தான் வீடே பாக்கணும். மலையாளம் எத்தனாவதுல இருந்து, உங்க பையனுக்கு விலக்கு உண்டான்னும் ஹெட்மாஸ்டர்கிட்டயே தெளிவா கேளுங்க. அஞ்சாவதுக்கு கீழ இருந்தா பயப்படாதீங்க, ஆறே மாசத்துல பசங்க நம்மள விட நல்லா பேசும்.

இத மட்டும் கட்டாயம் படிங்க, பெரிய பசங்க இருக்குற வீட்டுக்கு. நாளைக்கு தமிழ்நாட்டுல இன்ஜினியரிங் கவுன்சிலிங் போகணும்னா, 8ல இருந்து 12 வரைக்கும் தமிழ்நாட்டுலயே படிச்சவங்களுக்கு பிறப்பிடச் சான்று தேவையில்ல. நடுவுல கேரளால படிச்சா அந்த சான்று கேப்பாங்க. அரசுப்பள்ளி பசங்களுக்கு இருக்குற 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்கு 6ல இருந்து 12 வரைக்கும் தமிழ்நாட்டு அரசுப்பள்ளில படிச்சிருக்கணும், மாறுனா அது போச்சு. பையன் பத்தாவதோ பன்னெண்டாவதோ போறான்னா பாட்டி வீட்டுல விட்டுட்டு வர்றத பத்தி யோசிங்க, செலவு கம்மி.

பிறப்பிடச் சான்று, சாதிச் சான்று, வருமானச் சான்று எல்லாம் பழைய அட்ரஸ் கையில இருக்கும்போதே இ-சேவைல போட்டு வாங்கிடுங்க. ஒவ்வொன்னும் 60 ரூபா சர்வீஸ் சார்ஜ் தான் வரும். தமிழ்நாட்டு சாதிச் சான்ற வச்சு கேரளால இடஒதுக்கீடு கெடைக்கும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, வேற மாநிலத்துல குடியேறுனவங்களுக்கு அந்த சலுகை கூடவே வராது. ஆனா தமிழ்நாட்டுல அது செல்லும், அதனால பத்திரமா வைங்க.

4. கேஸ் கனெக்ஷன்

சிலிண்டர லாரில ஏத்தி கொண்டு போகக்கூடாது, டிரைவரும் ஒத்துக்க மாட்டார். ஏஜென்சில சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைச்சா டெபாசிட் பணத்த திருப்பி குடுத்து டெர்மினேஷன் வவுச்சர்னு ஒரு சீட்டு குடுப்பாங்க. அத இங்க இருக்குற அதே கம்பெனி ஏஜென்சில குடுத்தா புது கனெக்ஷன் போட்டு தருவாங்க. அடுப்பு, ட்யூப் உங்களோடது, கொண்டு வந்துடுங்க.

இதுல பணம் எப்படின்னா, திருப்பி கெடைக்கிறது நீங்க அந்த காலத்துல கட்டுன டெபாசிட். இங்க கட்ட வேண்டியது இன்னைக்கு ரேட். 2022 ஜூன்ல இருந்து 14.2 கிலோ சிலிண்டருக்கு 2,200, ரெகுலேட்டருக்கு 250ன்னு ஆக்கிட்டாங்க. ரெண்டு சிலிண்டர் வச்சிருந்தா அந்த வித்தியாசமே ஒரு தொகை வரும், பட்ஜெட்ல சேத்துக்கோங்க. கனெக்ஷன் எடுத்தப்ப குடுத்த பழைய சப்ஸ்க்ரிப்ஷன் வவுச்சர் தொலஞ்சு போச்சுன்னா ஏஜென்சிலயே ஒரு டிக்ளரேஷன் எழுதி வாங்குவாங்க, அதுக்காக கடைசி நாள் போகாதீங்க.

கேஸ ஒப்படைச்சுட்டு, புது கனெக்ஷன் வர்ற வரைக்கும் சமையல்? பால் காய்ச்சவே அடுப்பு வேணுமே. ஒரு இன்டக்ஷன் ஸ்டவ் கையோட வச்சுக்கோங்க, இல்லன்னா அட்ரஸ் ப்ரூஃப் கேக்காம ஐடி மட்டும் பாத்து குடுக்குற 5 கிலோ சிலிண்டர் ஒன்னு இங்க வந்து வாங்கிக்கோங்க.

5. சாமான் வண்டி

சிங்கிள் பெட்ரூம்னா சின்ன யானை ரெண்டு நடை, இல்லன்னா தோஸ்த் மாதிரி பிக்கப் ஒரு நடை. ரெண்டு பெட்ரூம், பீரோ, கட்டில், ப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், டைனிங் டேபிள் இருந்தா 14 அடி ஐச்சர் தான் சரி. நாங்க விசாரிச்சப்ப சின்ன யானைக்கு 3,500ல இருந்து 4,500 வரைக்கும், 14 அடிக்கு 8,000 தாண்டியும் சொன்னாங்க, ஏத்துற ஆளுக்கு ஒருத்தருக்கு 800, 1,000ன்னு தனி. டீசல் ஏற ஏற இதுவும் ஏறும், அதனால மூணு பேர்கிட்டயாவது கேளுங்க.

வாடகை பேசும்போதே கேக்க வேண்டியது: கேரளாக்குள்ள வர பெர்மிட் இருக்கா? மொத்த எடை 3,000 கிலோக்கு உள்ள இருக்குற சின்ன வண்டிக்கு பெர்மிட்டே தேவையில்ல, பெரிய வண்டின்னா நேஷனல் பெர்மிட் இருக்கணும், இல்லன்னா டெம்பரரி பெர்மிட் எடுக்கணும், அந்த காசு யார் தலைல விழும்னு முன்னாடியே பேசிடுங்க. வாளையாறு வழின்னா பாம்பாம்பள்ளம் டோல் இருக்கு, அதையும் கேளுங்க. வெயிட்டிங் சார்ஜ், மாடி ஏத்துற கூலி, திரும்பி காலியா போற வாடகை இந்த மூனும் தான் கடைசி நேரத்துல புதுசா மொளைக்கும்.

பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ் பத்தி ஒன்னு சொல்றேன். நம்ம தூரத்துக்கு அது தேவையே இல்லன்றது என் அபிப்ராயம். ஆபீஸ்ல பில்லு குடுத்து காசு வாங்குறவங்க மட்டும் போங்க, பேங்க், சர்க்கார் வேலைன்னா ஐபிஏ (இந்திய வங்கிகள் சங்கம்) அங்கீகாரம் இருக்குற கம்பெனி பில்லு தான் செல்லுமான்னு ஆபீஸ்ல மொதல்ல கேளுங்க. நெட்ல தேடுனா பெரிய கம்பெனி பேர்லயே ஒரு எழுத்து மாத்தி நாலு கம்பெனி வரும். போன்லயே கம்மியா ரேட் சொல்லி அட்வான்ஸ் வாங்கிட்டு, சாமான ஏத்துனப்பறம் "அளவு கூடிப்போச்சு, இன்னும் இவ்ளோ குடுத்தா தான் வண்டி நகரும்"பாங்க. நேர்ல வந்து பாத்து, சாமான் லிஸ்ட் எழுதி, ஜிஎஸ்டியோட மொத்த தொகை எழுதி கையெழுத்து போட்டு குடுக்காதவங்களுக்கு ஒரு ரூபா அட்வான்ஸ் குடுக்காதீங்க.

6. கட்டுறது

இத பத்தி எல்லாருக்கும் தெரியும், அதனால தப்பு நடக்குற எடத்த மட்டும் சொல்றேன்.

அட்டைப்பெட்டி மெடிக்கல் ஷாப்ல கேளுங்க, சுத்தமா ஒரே சைஸா கெடைக்கும். பாத்திரத்துக்கு பேப்பர் வாங்கி காசு கரியாக்காம பழைய சேலை, பெட்ஷீட்ட வச்சு சுத்துங்க. பெட்டி மேல நம்பர் போட்டு, எந்த நம்பர்ல என்ன இருக்குன்னு ஒரு நோட்டுல எழுதுங்க. கிரைண்டர்ல கல்ல தனியா எடுத்து வைங்க, உள்ளயே விட்டா ட்ரம் நசுங்கும். ப்ரிட்ஜ மொத நாளே ஆஃப் பண்ணி தண்ணி வடிச்சு, நிக்க வச்சு தான் ஏத்தணும், எறக்குனதும் உடனே ஆன் பண்ணாம சில மணி நேரம் விடுங்க. ஃப்ரண்ட் லோடு வாஷிங் மெஷின்னா ட்ரம்ம பிடிச்சு வைக்கிற போல்ட்டு வாங்குனப்ப குடுத்திருப்பாங்க, தேடி எடுங்க. இன்வெர்ட்டர் பேட்டரி நிமிந்து தான் இருக்கணும், படுத்தா ஆசிட் மெத்தைல. கட்டில் கழட்டுன நட்டு போல்ட்ட ஒரு கவர்ல போட்டு கட்டில் கட்டைலயே டேப் அடிச்சு ஒட்டுங்க.

லாரில ஏறவே கூடாதது ஒரு பை: ஆதார், ரேஷன் கார்டு, டிசி, சான்றிதழ், ஆர்சி, நகை, மாத்திரை, பேங்க் புக்கு, ரெண்டு செட் துணி, போன் சார்ஜர். அது உங்க மடியில தான் வரணும். காமாட்சி விளக்கு, உப்பு, மஞ்சள், அரிசி, பால் காய்ச்சுற பாத்திரம் இன்னொரு பை, இதுவும் உங்க கூட. வண்டி லேட்டானாலும் நல்ல நேரத்துல உள்ள போய்டலாம்.

7. செக்போஸ்ட்டும் இறக்கு கூலியும்

பழைய வீட்டு சாமானுக்கு இ-வே பில், அதாவது சரக்கு கொண்டு போறதுக்கு எடுக்குற ஜிஎஸ்டி சீட்டு தேவையில்ல, ஜிஎஸ்டி விதி 138லயே சொந்த உபயோகத்துல இருந்த வீட்டு சாமானுக்கு விலக்கு குடுத்திருக்காங்க. ஆனா பெட்டி பிரிக்காத புது டிவி, புது ஏசி அது கூட வந்தா கேள்வி வரும், பில்ல கைல வைங்க, முடிஞ்சா புது சாமான இங்க வந்தே வாங்குங்க. ஒரு வெள்ளைத்தாள்ல சாமான் லிஸ்ட், ரெண்டு அட்ரஸ், "சொந்த வீட்டு சாமான், விற்பனைக்கு இல்ல"ன்னு எழுதி கையெழுத்து போட்டு, வாடகை ஒப்பந்த ஜெராக்ஸோட டிரைவர்கிட்ட ஒரு காப்பி குடுத்துடுங்க. கேட்டா காட்டலாம், கேக்கலன்னா நல்லது.

எக்சைஸ் செக்கிங் உண்டு. வீட்டுல பாட்டில் ஏதாவது இருந்தா அத லாரில ஏத்தி விடாதீங்க, சாமானெல்லாம் எறக்கி பாக்க சொன்னா அன்னைய பொழப்பு போச்சு. ஆடு மாடு கோழி கொண்டு வர்றவங்க கால்நடை டாக்டர் சர்டிபிகேட் வாங்கிட்டு வாங்க, அதுக்கு தனி செக்போஸ்ட்டே இருக்கு.

வேலந்தாவளம், நடுப்புணி, கோபாலபுரம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம்னு நிறைய வழி இருக்கு. உங்க புது வீடு எங்கன்றத பாத்து வழி எடுங்க, டிரைவர் சொல்ற குறுக்கு வழில பெரிய வண்டி திரும்பாது.

இப்ப எல்லாரும் பயமுறுத்துற விஷயம், நோக்குகூலி. வேலையே செய்யாம பக்கத்துல நின்னு பாத்ததுக்கு கூலி கேக்குறது. 2018 மே 1ல இருந்து அத ஒழிச்சதா கேரளா அரசாங்கமே அறிவிச்சிருக்கு. சுமட்டுத் தொழிலாளர் (சுமை தூக்குறவங்க) சட்டத்துலயும், ஒருத்தர் தன் வீட்டு வேலைக்காக வைக்கிற ஆள சுமட்டுத் தொழிலாளி கணக்குல சேக்கல. அதாவது உங்க வீட்டு சாமான நீங்களும் உங்க ஆளுங்களும் இறக்கலாம். யாராவது வந்து கேட்டா சண்டை போடாதீங்க, சத்தம் போடாதீங்க, "எங்க சொந்த சாமான், எங்க ஆளுங்க இறக்குறாங்க"ன்னு அமைதியா சொல்லுங்க, மீறுனா போலீஸுக்கு 112. எங்க தெருவுல யாரும் வந்து கேக்கலன்றதையும் சொல்லிடணும். பீரோ, கிரைண்டர் மாதிரி கனமான சாமானுக்கு யூனியன் ஆளுங்களையே கூப்பிடுறதா இருந்தா தப்பில்ல, வேலைல சூரனுங்க, ஆனா ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ரேட்ட பேசி ரசீது கேளுங்க. ஓனரையோ வார்டு மெம்பரையோ அன்னைக்கு ஒரு பத்து நிமிஷம் வந்து நிக்கச் சொன்னா பாதி பேச்சு தானா கொறையும்.

8. மொத வாரம்

வார்டு மெம்பர போய் பாருங்க. இங்க எல்லாத்துக்கும் அவர் கையெழுத்து உதவும், பஞ்சாயத்துல குடியிருப்புச் சான்று வாங்க அவர் ஒரு வார்த்தை சொன்னா போதும். நம்ம ஊர் மாதிரி கவுன்சிலர தேடி அலைய வேண்டியதில்ல, பெரும்பாலும் டீக்கடைலயே இருப்பார்.

கரண்ட்: மீட்டர் ரீடிங்க உள்ள போன அன்னைக்கே போட்டோ எடுத்து ஓனருக்கு அனுப்புங்க. கேஎஸ்இபி (கேரளா கரண்ட் போர்டு) பில்லுல 13 இலக்க கன்ஸ்யூமர் நம்பர் இருக்கும், அத வச்சு ஆன்லைன்ல கட்டலாம், கம்ப்ளைன்ட்டுக்கு 1912. தமிழ்நாட்டுல ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் ஃப்ரீயா வாங்கி பழகிட்டோம், இங்க அது கெடையாது. அதோட மாசத்துக்கு 250 யூனிட், அதாவது ரெண்டு மாச பில்லுல 500 தாண்டிட்டா யூனிட் ஏற ஏற ரேட் ஏறுற ஸ்லாப் கணக்கு போய் மொத்த யூனிட்டுக்கும் ஒரே ரேட்டா போட்டுடுவாங்க. ஏசி வச்சிருக்கறவங்க ஏப்ரல் மே மாசத்துல மீட்டர ஒரு கண்ணு பாத்துக்கிட்டே இருங்க.

குப்பை: ஹரித கர்ம சேனைன்னு பச்சை யூனிஃபார்ம்ல மாசா மாசம் வருவாங்க, பிளாஸ்டிக்க கழுவி காய வச்சு குடுக்கணும், பஞ்சாயத்துல மாசம் 50 ரூபா. யாரோ காசு கேக்குறாங்கன்னு கதவ சாத்தாதீங்க, அந்த ரசீத பஞ்சாயத்துல வேற வேலைக்கு போனா கேக்குறாங்க. பிளாஸ்டிக்க கொல்லைல போட்டு எரிச்சா ஃபைன்.

ஆதார்: ஒப்பந்தம் ஏத்துக்கலன்னா ஆதாருக்குன்னே ஒரு சான்று படிவம் இருக்கு, போட்டோ ஒட்டி பஞ்சாயத்து தலைவரோ எம்எல்ஏவோ கெஜட்டட் ஆபீசரோ கையெழுத்து சீல் போட்டா போதும், தேதில இருந்து 3 மாசம் தான் செல்லும். ஒருத்தருக்கு அட்ரஸ் மாறிட்டா மத்தவங்களுக்கு குடும்பத் தலைவர் முறைல ஆன்லைன்லயே மாத்தலாம். ஆதார் மாறுனப்பறம் பேங்க்ல கேஒய்சி மாத்துங்க, அக்கவுன்ட் நம்பர் மாறாது, பிராஞ்ச் மாத்துறதும் ஃப்ரீ தான். ஓட்டுக்கு படிவம் 8, தொகுதி மாறுனாலும் இப்ப அதே படிவம் தான்.

மனு எழுத மலையாளம் தெரியலன்னு ஏஜென்டுக்கு காசு குடுக்காதீங்க. 1969 ஆட்சிமொழிச் சட்டப்படி கேரளால தமிழ் பேசறவங்க தமிழ்லயே அரசாங்கத்துக்கு எழுதலாம். சித்தூர் தாலுகால இது சகஜம். பாலக்காடு டவுன்ல கொஞ்சம் முகம் சுளிப்பாங்க, வாங்கிப்பாங்க.

9. ரேஷன் கார்டு, இங்க தான் நிதானம் வேணும்

உங்க கார்டுல என்ன எழுத்து இருக்குன்னு பாருங்க. பிஹெச்ஹெச் (முன்னுரிமை) இல்லன்னா ஏஏஒய் (அந்த்யோதயா) கார்டுன்னா ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்துல கைரேகை வச்சு இங்கயே அரிசி வாங்கலாம், மாத்தவே வேண்டாம், ஆனா துவரம்பருப்பு, பாமாயில் மாதிரி தமிழ்நாடு அரசு தனியா குடுக்குறது இங்க வராது. என்பிஹெச்ஹெச் (முன்னுரிமை இல்லாத) கார்டுக்கு இந்த வசதி இல்ல.

கார்ட ஒப்படைச்சா அது கூடவே என்னென்ன போகும்னு கணக்கு போடுங்க. மகளிர் உரிமைத் தொகை 1,000, பொங்கல் பரிசு, முதலமைச்சர் காப்பீடு எல்லாம் அந்த கார்டோட கட்டுனது. ஒரு வருஷ கான்ட்ராக்ட் வேலைக்கு வர்றவங்க, மாமனார் மாமியார் அங்கயே இருக்கறவங்க, அவசரப்பட வேண்டியதில்ல, வந்தவங்க பேர மட்டும் எப்ப நீக்குறதுன்னு யோசிச்சுக்கலாம். மொத்த குடும்பமும் நிரந்தரமா வந்தாச்சுன்னா மாத்திடுங்க, ரெண்டு மாநிலத்துல ரெண்டு கார்டு வச்சுக்க முடியாது, ஆதார்ல மாட்டிக்கும்.

முறை இது தான்: தமிழ்நாட்டுல வட்ட வழங்கல் அலுவலகத்துலயோ ஆன்லைன்லயோ பேர் நீக்கி சான்று வாங்கணும். அது, எல்லாரோட ஆதார், வாடகை ஒப்பந்தம் இல்ல குடியிருப்புச் சான்று, வருமானச் சான்று, போட்டோ எல்லாத்தையும் எடுத்துட்டு இங்க அக்ஷயா சென்டர் (நம்ம இ-சேவை மாதிரி) போனா தாலுக் சப்ளை ஆபீஸுக்கு ஆன்லைன்ல போட்டுடுவாங்க. இங்க கார்டு கலர்ல தான் கணக்கு: மஞ்சள், பிங்க் ரெண்டும் முன்னுரிமை, நீலம், வெள்ளை மத்தவங்களுக்கு. புதுசா போடுறவங்களுக்கு பெரும்பாலும் வெள்ளை தான் வரும், அப்பறம் தான் மாத்த மனு குடுக்கணும். பேர் நீக்குறதுக்கும் புது கார்டு வர்றதுக்கும் நடுவுல கைல ஒன்னும் இருக்காது, அதனால ஆதார் அட்ரஸ் மாத்துனப்பறம் இந்த வேலைய ஆரம்பிங்க.

10. சொந்த பைக், கார்

இத கடைசில வச்சதுக்கு காரணம், இதுக்கு ஒரு வருஷம் டைம் இருக்கு, ஆனா ஆரம்ப வேலை தமிழ்நாட்டுல. வேற மாநிலத்துல 12 மாசத்துக்கு மேல வண்டி இருந்தா அந்த மாநில நம்பருக்கு மாத்தணும்னு மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 47 சொல்லுது. எப்ப வந்தீங்கன்றத நீங்க தான் காட்டணும், அதனால வாடகை ஒப்பந்தம், பாஸ்டேக் மெசேஜ் எல்லாம் வச்சிருங்க.

மொத வேலை என்ஓசி, அதாவது ஆட்சேபணை இல்லன்னு வாங்குற சான்று. பழைய ஆர்டிஓல படிவம் 28, கூட ஆர்சி, இன்சூரன்ஸ், புகை சர்டிபிகேட், சேசிஸ் நம்பர பென்சில்ல தேச்சு எடுத்த பிரதி. லோன் இருந்தா பேங்க் சம்மதக் கடிதம். ட்ராஃபிக் ஃபைன் ஏதாவது பாக்கி இருந்தா நகராது, பரிவாஹன்ங்கிற மத்திய அரசு சைட்ல உங்க வண்டி நம்பர போட்டு பாத்து மொதல்ல கட்டுங்க, ரெண்டு வருஷம் முன்னாடி ஹெல்மெட் போடாம போனது கூட அங்க ஒக்காந்திருக்கும். இங்க வந்து படிவம் 27, வண்டிய நேர்ல காட்டணும், கேரளா வரி கட்டணும், புது நம்பர் பிளேட். வரி வண்டியோட விலையையும் வயசையும் வச்சு வரும், பெரிய செலவு இது தான், அதனால வாங்குன பில்லு கைல இருக்கட்டும்.

பத்து பன்னெண்டு வருஷ பழைய கார்னா என் யோசனை, அங்கயே வித்துட்டு வாங்க. என்ஓசி அலைச்சல், வரி, பிளேட் எல்லாம் சேத்தா வண்டி வெலைக்கு கட்டுபடியாகாது. பைக்குக்கு அவ்ளோ பாரம் இல்ல.

கேரளா நம்பர் வந்தப்பறம் புது ஆர்சி காப்பி, வரி கட்டுன ரசீது ரெண்டையும் வச்சு தமிழ்நாட்டுல கட்டுன லைஃப் டாக்ஸ்ல மிச்ச வருஷத்துக்கு ரீஃபண்ட் கேட்டு பழைய ஆர்டிஓல மனு போடலாம். பாதி பேர் இத கேக்குறதே இல்ல. மனு குடுத்தா அக்னாலெட்ஜ்மென்ட் சீல் வாங்கிட்டு வாங்க, பேங்க் பாஸ்புக் ஜெராக்ஸ் ஒன்னு அது கூட வைக்க சொல்லுவாங்க.